குழந்தைக்கென்று கட்டிய பணம்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மோட்சத்தைப் பற்றியதோ நரகத்தைப் பற்றியதோ அல்ல. மனிதன் செத்த பிறகு எங்கே போகிறான் என்று பேசுவதற்கு வேறு ஆட்கள் ஏராளமாய் இருக்கிறார்கள். அவன் செத்த பிறகு அவன் குழந்தையின் பணம் எங்கே போகிறது என்பதுதான் நமது பேச்சு.

பட்டணத்துக் குமாஸ்தா முதல் கிராமத்தில் டிராக்டர் ஓட்டுகிறவர் வரை இன்று இன்ஷியூரன்ஸ் பாலிசி எடுக்கிறார்கள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித் தவணை செலுத்துகிறார்கள். எதற்காக என்று கேட்டால், "பிள்ளைக்காக" என்கிறார்கள். நல்ல எண்ணந்தான். ஆனால் அந்தக் காகிதத்தில் பிள்ளையைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் அநேகருக்குத் தெரியாது. ஏஜெண்டு காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டதோடு சரி!

நாமினி என்று ஒரு பெயர் எழுதுகிறோமே, அதன் பொருள் என்ன? 1983-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புச் செய்தது. நாமினி என்பவர் பணத்தைக் கம்பெனியிடமிருந்து வாங்கும் கையே ஒழிய, அதனாலேயே பணத்துக்குச் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார், பணம் வாரிசுகளுக்கே உரியது என்பதே அத்தீர்ப்பு. பிறகு 2015-ல் இன்ஷியூரன்ஸ் சட்டத்தின் 39-வது பிரிவைத் திருத்தினார்கள். பெற்றோர், மனைவி அல்லது கணவன், பிள்ளைகள் ஆகியவர்களை நாமினியாக எழுதினால் அவர்களே பணத்தின் பலனையும் அடைய உரியவர்கள் என்று அதில் சேர்த்தார்கள். இதோடு சண்டை தீர்ந்ததா என்றால், தீரவில்லை.

கர்நாடகத்தில் நடந்த வழக்கைக் கேளுங்கள். ஒருவர் கலியாணத்துக்கு முன் பாலிசி எடுத்துத் தம் தாயின் பெயரை எழுதினார். அப்போது அது சரியே. பிறகு கலியாணமாயிற்று, ஆண் குழந்தையும் பிறந்தது. பெயரை மாற்றவில்லை. 2019-ல் இறந்து போனார். தாய் ஒரு பக்கம், மனைவியும் மைனர் குழந்தையும் மறு பக்கமாகக் கோர்ட்டு ஏறினார்கள். 2025-ல் அந்த ஐக்கோர்ட்டு, 2015-ம் வருஷத் திருத்தம் வாரிசுரிமைச் சட்டத்தைத் தள்ளிவிடவில்லை என்றும், தாய்க்கும் மனைவிக்கும் குழந்தைக்கும் மூன்றில் ஒவ்வொரு பங்கு என்றும் தீர்ப்புச் சொல்லிற்று. இது ஒரு ஐக்கோர்ட்டின் முடிவு. வேறிடத்தில் வேறு வாதம் கிளம்பலாம்.

இதில் யாரைக் குற்றம் சொல்வது? அந்தத் தாயும் மகனைப் பறிகொடுத்தவள்தான். மருமகளும் வயிற்றெரிச்சலோடு நின்றவள்தான். குற்றம், மாற்றி எழுதாமல் விட்ட அந்த ஒரு வரியில் இருக்கிறது. அந்த ஒரு வரிக்காக ஐந்து வருஷத்துக்கு மேல் ஒரு குழந்தை காத்திருக்க நேர்ந்தது. குழந்தையின் பசியும் பள்ளிக்கூடத்துச் சம்பளமும் வாய்தா கேட்டுக்கொண்டு நிற்குமா தோழர்களே?

சரி, குழந்தையின் பெயரையே எழுதிவிட்டால் போதுமா என்றால், அதுவும் போதாது. பதினெட்டு வயது ஆகாத குழந்தை ரசீதில் கையெழுத்துப் போட முடியாது. ஆகவேதான் அதே 39-வது பிரிவு, குழந்தை மைனராய் இருக்கையில் தகப்பன் இறந்தால் பணத்தை வாங்கிக்கொள்ள ஒருவரைத் தகப்பனே நியமிக்கலாம் என்கிறது. கம்பெனி பாரத்தில் இவரை அப்பாயிண்டி என்கிறார்கள். இந்த இடத்தைத்தான் பலர் காலியாய் விட்டுவிடுகிறார்கள். கேட்டால், "சாகிற பேச்சு எதற்கு, அபசகுனம்" என்கிறார்கள்! சாவுக்காகவே எடுத்த காகிதத்தில் சாவைப் பற்றி எழுதினால் அபசகுனமாம்! இதைவிடப் பைத்தியக்காரத்தனம் வேறு உண்டா?

அந்த இடம் காலியாய் இருந்தால் வீட்டில் என்ன நடக்கிறது? கருமாதி முடிவதற்குள் பங்காளிகள் காகிதத்தோடு வருகிறார்கள். "அண்ணி, உங்களுக்கென்ன தெரியும்? நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், இதிலே ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்கிறார்கள். மூலையில் உட்கார வைக்கப்பட்ட அந்தப் பெண்ணும் படிக்காமலே போட்டுவிடுகிறாள்.

தாய்மார்களே, நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இது. இந்துக்களுக்கென்று 1956-ல் செய்யப்பட்ட மைனர் கார்டியன் சட்டப்படி, தகப்பன் இல்லாவிட்டால் தாயே இயற்கைக் கார்டியன். பெரியப்பனோ சித்தப்பனோ மாமனோ, குழந்தையை வைத்துக் காப்பாற்றுகிறோம் என்ற காரணத்தால் மட்டும் அதன் சொத்தில் கை வைக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 11-வது பிரிவு சொல்லுகிறது. மறுமணம் செய்துகொண்டால் கார்டியன் உரிமை போய்விடும் என்று சிலர் மிரட்டுகிறார்கள். மறுமணம் ஒன்றினாலேயே தாயின் உரிமை போய்விடும் என்று அச்சட்டத்தில் எங்கும் எழுதவில்லை. குழந்தையின் நலமே முதன்மையானது என்றுதான் எழுதியிருக்கிறது.

இன்னொரு வழியும் உண்டு. விவாகமான பெண்கள் சொத்துச் சட்டம் 1874-ல் ஏற்பட்டது. அதன் 6-வது பிரிவின்படி, கலியாணமான ஒருவன் தன் உயிர் பேரில் பாலிசி எடுக்கும்போதே இது என் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என்று அதன் முகப்பில் எழுதிவிட்டால், அது அவர்களுக்கான டிரஸ்டு ஆகிவிடுகிறது. பிறகு அவனாலும் அதைத் தொட முடியாது; கடன்காரர்களை ஏமாற்றவென்றே எடுத்ததாக இருந்தாலொழிய அவர்களாலும் தொட முடியாது. அது அவன் விட்டுப்போன சொத்திலும் சேராது. சென்னையில் இந்துக்களும் முஸ்லிம்களும் 1913 டிசம்பர் 31-க்குப் பிறகு எடுத்த பாலிசிகளுக்கும், மற்ற இடங்கள் பலவற்றில் 1923 ஏப்ரல் 1-க்குப் பிறகு எடுத்தவைகளுக்கும் இது செல்லும். நூறு வருஷத்துக்கு மேலாக நம் வாசலில் கிடக்கும் இந்தச் சட்டத்தை நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? ஆனால் ஒன்று: டிரஸ்டி இன்னாரென்றும் கூடவே எழுத வேண்டும். எழுதாவிட்டால் பணம் சர்க்காரின் அதிகார டிரஸ்டியிடம் போய்ச் சேரும்.

ஆகவே தோழர்களே, நாம் கேட்டுக்கொள்வது பெரிய தியாகம் ஒன்றுமல்ல. இன்று இரவு வீட்டுக்குப் போனதும் பெட்டியைத் திறந்து பாலிசியை எடுங்கள். நாமினி யார், கலியாணத்துக்கு முன் எழுதிய பெயரா என்று பாருங்கள். வயதான தாயைக் கைவிடச் சொல்லவில்லை. அவருக்கும் ஒரு பங்கைத் தெளிவாய் எழுதுங்கள். குழந்தையின் பெயர் இருந்தால் அப்பாயிண்டி இடத்தைப் பாருங்கள். காலியாய் இருந்தால் நாளையே கம்பெனிக்கு எழுதிக் கொடுங்கள். முக்கியமாக, அந்தக் காகிதத்தை மனைவியிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். புருஷன் உயிரோடிருக்கையில் அதைப் படித்திருப்பவள், பின்னால் எவன் நீட்டும் காகிதத்திலும் படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டாள்.

தவணை கட்டுவது பாதி வேலைதான். பணம் போய்ச் சேர வேண்டிய கையை எழுதி வைப்பது மறு பாதி. அந்த மறு பாதியையும் செய்து முடியுங்கள் என்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.