வீடில்லாப் படைவீரரும் போதை மீட்பும்

அமெரிக்காவில் தெருவிலும் காப்பகங்களிலும் இரவைக் கழிப்பவர்களை ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தில் ஓர் இரவைக் குறித்துக் கணக்கெடுக்கிறார்கள். 2010-இல் அவர்களில் முன்னாள் படைவீரர்கள் ஏறத்தாழ 74,000 பேர். 2024-இல் ஏறத்தாழ 33,000 பேர். அதே 2024-இல் அந்நாட்டில் வீடில்லாதவர்களின் மொத்த எண்ணிக்கை 7,70,000-ஐத் தாண்டி, அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. மொத்த எண்ணிக்கை இப்படி உச்சத்துக்கு ஏறியபோதும் படைவீரர்களின் எண்ணிக்கை மட்டும் பாதிக்கும் கீழே இறங்கியது. அவர்களுக்கு மட்டும் தங்குமிடமும் மருத்துவமும் வாடகை உதவியும் ஒன்றோடொன்று இணைத்துக் கொடுக்கப்பட்டன என்பது இதற்கு முக்கியமான காரணம்.

குடித்ததால் வீட்டை இழந்தார் என்று சொல்லிவிடுவது எளிது. பலருடைய வாழ்க்கையில் வரிசை அப்படி இல்லை. காயத்துக்குக் கொடுத்த வலிநிவாரணி பழக்கமாகிறது. போர்க் காட்சிகள் தூக்கத்தைக் கெடுக்க, உறங்குவதற்காகக் குடி தொடங்குகிறது. வேலை போகிறது, குடும்பம் விலகுகிறது. தெருவுக்கு வந்தபின் குளிரையும் இரவு பயத்தையும் தாங்குவதற்காக இன்னும் கூடுதலாகக் குடிக்க வேண்டியிருக்கிறது. போரின் அதிர்ச்சியால் வரும் மனநோய்க்கு அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப்பட்டியலில் தனியிடம் கிடைத்ததே 1980-இல்தான்.

சுற்றுச்சூழலுக்கும் போதைக்கும் உள்ள தொடர்பை வியட்நாம் போர் எதிர்பாராத விதத்தில் காட்டியது. அங்கே மலிவாகவும் கலப்படமில்லாமலும் ஹெராயின் கிடைத்தது. 1971-இல் படைவீரர்களில் பத்துப் பதினைந்து விழுக்காட்டினர் அதற்கு அடிமையாகிவிட்டதாக நாடாளுமன்ற உறுப்பினர்கள் இருவர் அறிவித்ததும் நாடே பதறியது. ஊர் திரும்புமுன் ஒவ்வொரு வீரரும் சிறுநீர்ச் சோதனையில் தேற வேண்டும் என்று அதிபர் நிக்சனின் அரசு விதித்தது. திரும்பி வந்தவர்களைச் சமூகவியலாளர் லீ ராபின்ஸ் தொடர்ந்து ஆராய்ந்தார். வியட்நாமில் ஐந்தில் ஒருவர் அடிமையாகியிருந்தது தெரிந்தது. ஆனால் ஊர் வந்த முதல் ஆண்டில் அவர்களில் மீண்டும் அடிமையானவர்கள் ஏறத்தாழ ஐந்து விழுக்காட்டினரே. மூன்றாண்டுக் கணக்கு எடுத்தபோதும் பன்னிரண்டு விழுக்காட்டைத் தாண்டவில்லை. அன்று பலர் இதை நம்ப மறுத்தார்கள். பிறகு வந்தவர்களோ, இடம் மாறினால் போதை தானே பறந்துவிடும் என்கிற அளவுக்கு இதை மிகைப்படுத்தினார்கள். அது சரியல்ல. படையில் சேருமுன்பே போதையோடு பழகியவர்கள் மீண்டும் விழும் வாய்ப்பு கூடுதலாகவே இருந்தது. பெரும்பாலானோரைத் தாங்கியதில் மருந்து எளிதில் கிடைக்காத ஊர், காத்திருந்த உறவு, புதிய அன்றாடம் ஆகியவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. வீடில்லாப் படைவீரருக்கு இந்த மூன்றும் இல்லை. அவர்களுக்கான போதை மீட்புக் காப்பகம் அவற்றை மெல்ல மெல்ல உண்டாக்கித்தர முயல்கிறது.

இத்தகைய காப்பகங்கள் பலவற்றைத் தொடங்கியவர்கள் படைவீரர்களே. சான் டியேகோ நகரில் வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிலர் 1981-இல் ஓர் அமைப்பை உருவாக்கினார்கள். 1988-இல் அவர்கள் மூன்று நாள் கூடார முகாம் நடத்தினார்கள். குளியல், முடிதிருத்தம், புதுத்துணி, மருத்துவர் எல்லாம் ஒரே இடத்தில். மறு ஆண்டு முகாமுக்கு நீதிமன்றமே வந்தது. பொது இடத்தில் படுத்ததற்கு அபராதம், அதைக் கட்டாததற்குப் பிடிவாரண்டு என்று சேர்ந்துபோன சில்லறை வழக்குகள் அங்கேயே தீர்க்கப்பட்டன. போதை மீட்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். நிலுவையில் பிடிவாரண்டு இருப்பவர் வேலைக்கும் வாடகை வீட்டுக்கும் விண்ணப்பிக்கத் தயங்குவார்; அவை இல்லாமல் மேலே சொன்ன புதிய அன்றாடம் அமையாது.

சிகிச்சையின் முதல் கட்டம் உடலைப் பொறுத்தது. நெடுநாள் பெருங்குடியர் சட்டென்று குடியை நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிரே போகக்கூடும். அதனால் மருத்துவக் கண்காணிப்பு தேவை. ஹெராயின் போன்ற அபின் வகைப் பொருள்களுக்கு மெத்தடோன், புப்ரெனார்பின் ஆகிய மருந்துகள் உண்டு. இவை ஏக்கத்தை அடக்கி, ஒருவரை நிதானமாக நடமாட வைக்கின்றன. ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை என்று இவற்றைப் பழிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இம்மருந்துகள் சாவைக் குறைப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. போதைப்பொருளிலிருந்து சில வாரம் விலகியிருந்த உடல் தாங்கும் திறனை இழந்துவிடும். பழைய அளவை மறுபடி எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். அதனால்தான் பல காப்பகங்களில், நின்றுபோகும் மூச்சை மீட்கும் நாலாக்சோன் மூக்குத் தெளிப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது.

கொக்கெயின், மெத்தாம்பெட்டமின் பழக்கத்துக்கு இப்படிப்பட்ட மருந்து இல்லை. படைவீரர் நலத்துறை மருத்துவமனைகள் 2011 முதல் ஒரு வேடிக்கையான முறையைக் கையாள்கின்றன. சிறுநீர்ச் சோதனையில் போதைப்பொருள் தென்படாவிட்டால் கிண்ணத்திலிருந்து சீட்டு எடுக்கலாம். சில சீட்டில் பாராட்டு மட்டும். சிலவற்றில் மருத்துவமனைக் கடையில் செலவழிக்கும் கூப்பன். பள்ளிப்பிள்ளை விளையாட்டுப் போலத் தோன்றும் இதுவே இத்தகைய பழக்கங்களுக்குக் கிடைத்த சிகிச்சைகளில் மிகவும் பலன் தருவதாக அறியப்பட்டிருக்கிறது.

குடியை விட்டால்தான் வீடு என்பது நெடுங்காலம் விதியாக இருந்தது. 1992-இல் நியூயார்க்கில் உளவியலாளர் சாம் செம்பெரிஸ் அதைத் திருப்பிப்போட்டார்: முதலில் வீடு, பிறகு மற்றவை. வாடகைச் சீட்டையும் சமூகப்பணியாளரின் வருகையையும் இணைத்துப் படைவீரர்களுக்கென நடத்தப்படும் அரசுத் திட்டம் 2008 முதல் பெருமளவில் விரிந்தது. வருமானத்தில் ஏறத்தாழ 30 விழுக்காட்டை வீரர் கட்டினால் போதும். இப்படி வீடு பெற்றவர்களில் பெரும்பாலோர் அதைத் தக்கவைத்துக்கொள்கிறார்கள். ஆனால் வீடு கிடைத்ததாலேயே குடி குறைந்துவிடுவதில்லை என்பதையும் ஆய்வுகள் மறைக்கவில்லை. அதற்குச் சிகிச்சை தனியாகத் தொடர வேண்டும். மீண்டும் குடித்தால் வெளியேற்றம் இல்லை, மீண்டும் சிகிச்சை.

இந்த உதவிகளில் பெரும்பகுதி ஒருவரின் படைவிடுப்புப் பத்திரத்தைப் பொறுத்தது. வியட்நாம் காலத்தில் போதைப்பொருள் குற்றத்துக்காகவே மதிப்பிழந்த பத்திரத்தோடு அனுப்பப்பட்டவர்கள் பலர். அந்தப் பழக்கத்துக்கான சிகிச்சைக் கதவையே அந்தப் பத்திரம் அடைத்துவிட்டது. 1974-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய சோர்ட்ஸ் டு ப்ளோஷேர்ஸ் போன்ற அமைப்புகள் வழக்கறிஞர்களை வைத்துக்கொண்டு, இத்தகைய பத்திரங்களைத் திருத்தித்தர இன்றும் மனு போட்டு வருகின்றன.