சந்தைக்கு வழி காட்டுவோம்



அல்லாஹ்வைப் புகழ்ந்து, நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்தும் ஸலாமும் கூறி ஆரம்பிக்கின்றேன்.

அன்பார்ந்த இஸ்லாமிய நேயர்களே! வெளிநாடு சென்று உழைத்துத் திரும்பிய ஒரு சகோதரரைக் கண்டதும், ஸலாத்திற்கு அடுத்தபடியாக நாம் எதனைக் கேட்கின்றோம்? "திரும்ப எப்போது பயணம்?" என்றே கேட்கின்றோம். சொந்த ஊருக்கு வந்தவரிடம் கேட்கும் கேள்வியா இது?

இக்கேள்விக்கு அஞ்சி, ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசலின் பக்க வாயிலால் வெளியேறும் ஒருவரை நான் அறிவேன். 19 ஆண்டுகள் சஊதி அரேபியாவில் பெரும் கட்டடங்களுக்கு வயரிங் செய்தவர் அவர். ஊரில் வேலை கேட்டபோது சான்றிதழ் எங்கே என்றார்கள். வயது 47 என்றதும், பிறகு அறிவிப்பதாகக் கூறி அனுப்பிவிட்டார்கள். அவரது உழைப்பு எங்கே போயிற்று? இரண்டு பெண் மக்களுக்கு வீடு கட்டவும் சீதனம் கொடுக்கவும் போயிற்று.

இங்கு உழைப்பவருக்கு, தொழில் தருநர் 12 வீதமும் தொழிலாளி 8 வீதமும் செலுத்தும் ஊழியர் சேமலாப நிதி உண்டு. அந்நிய நாட்டில் கழித்த ஆண்டுகளுக்கு அது சேர்வதில்லை. சஊதிச் சட்டப்படி, சேவை முடிவில் முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளமும், அதன் பின்னர் ஆண்டொன்றுக்கு ஒரு மாதச் சம்பளமும் கிடைக்கும். ஒரே தடவையில் கைக்கு வரும் அப்பணம் கடனுக்கும் கல்யாணத்திற்கும் கரைந்துவிடுகின்றது.

அங்குள்ள கதவு எப்போது மூடும் என்பதும் நமது கையில் இல்லை. 1990இல் குவைத் ஆக்கிரமிக்கப்பட்டபோது நம்மவர்கள் உடுத்த உடையோடு திரும்பினார்கள். 2011இல் சஊதி அரசு தன் நாட்டவரை வேலைக்கு அமர்த்துமாறு நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2020இல் கொரோனா நோய் பரவியபோது வேலையிழந்து வந்தவர்கள் எத்தனை பேர்!

நேயர்களே! ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரழி) அவர்களுக்கு, அன்சாரித் தோழர் ஸஅத் பின் ரபீஃ (ரழி) அவர்கள் தமது செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அவரோ அதற்காக துஆச் செய்துவிட்டு, சந்தை எங்கே என்று மட்டும் கேட்டார்கள். பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்று அங்கே தலைநிமிர்ந்தார்கள். வந்தவர் கையேந்தவில்லை; இருந்தவர் வழியை மறைக்கவில்லை. இதுவே நமக்குரிய பாடம்.

வாலிபர்களே! எகிப்திலிருந்து அந்நியராக மத்யன் வந்த மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்துமாறு அப்பெண் தம் தந்தையிடம் கூறியபோது, இரண்டு தகைமைகளையே எடுத்துக்காட்டினார்: ஒன்று வலிமை, மற்றையது நம்பிக்கை. எட்டு ஆண்டுகள், விரும்பினால் பத்து என்று ஒப்பந்தம் முன்கூட்டியே தெளிவாகப் பேசப்பட்டது. அவ்வுழைப்பே மஹராகவும் அமைந்தது. மாப்பிள்ளை பெண்ணின் தந்தையிடம் வீடு கேட்கவில்லை. தமது வியர்வையைக் கொடுத்தார்கள். இன்று நாமோ ஒரு தந்தையின் 19 ஆண்டுகளைச் சீதனமாகக் கேட்டு வாங்குகின்றோம். பின்னர் அவரது வெறுங்கையைப் பார்த்துப் பரிகசிக்கின்றோம். இது நீதியா?

எனவே, வெளிநாடு செல்ல விரும்பும் வாலிபர் முதலில் ஒரு தொழிலைக் கற்று, தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழைப் பெறட்டும். வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்து, ஒப்பந்தத்தை வாசித்து விளங்கிய பின்னரே கையொப்பமிடட்டும். பெற்றோர்களே! மகன் அனுப்பும் பணத்தில் ஒரு பங்கை அவரது பெயரிலேயே சேமித்து வையுங்கள். அவர் திரும்பி வரும் நாள் ஒன்று உண்டு. திரும்பி வந்த சகோதரரே! வகுப்பறைக்குச் செல்லாமலே, கைத்திறனைப் பரீட்சித்து அதே சான்றிதழை வழங்கும் முறை நமது நாட்டில் உண்டு. அதனைத் தேடிச் செல்லுங்கள். தாவூத் (அலை) அவர்கள் தமது கையால் உழைத்தே உண்டார்கள் என்பதை நினைவிற்கொள்ளுங்கள். ஜமாஅத் நிர்வாகிகளே! யார் எத்தொழில் அறிந்தவர் என்று ஒரு பதிவேடு வைத்து, ஊரின் கடைக்காரரையும் கட்டட வேலை செய்விப்பவரையும் அவர்களோடு இணைத்துவிடுங்கள்.

அச்சகோதரரின் மகன் கடவுச்சீட்டு எடுக்கப்போவதாக என்னிடம் கூறினார். நான் தடுக்கவில்லை. "வாப்பாவிடம் வயரிங் கற்று, இருவருமாகச் சென்று சான்றிதழ் எடுங்கள், அதன் பின் பயணத்தைப் பற்றி யோசியுங்கள்" என்றேன். "வாப்பாவுக்கும் சான்றிதழ் கிடைக்குமா?" என்று அவர் கேட்டபோது எனது கண்கள் கலங்கின. இதைச் சொல்லிக்கொடுக்க ஊரில் ஒருவருமே இருக்கவில்லையே!

அடுத்த ஜும்ஆவில் அத்தகைய ஒருவரைக் கண்டால், பயணத்தைப் பற்றிக் கேளாதீர்கள். "நீங்கள் அறிந்த தொழில் என்ன? நான் யாரிடம் சொல்ல வேண்டும்?" என்று கேளுங்கள்.

அல்லாஹு தஆலா நமது உழைப்பிலே பரக்கத்தையும், நமது உள்ளங்களிலே இரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.