தோட்டத்து எஞ்சினும் நாட்டு மின்பின்னலும்



முன்னாளில் நம் தோட்டங்கள் பலவற்றில் மின்சாரம் என்றால் தோட்டத்து எஞ்சின் தந்த வெளிச்சமே. மாலையில் ஓடத் தொடங்கும். இரவில் குறித்த நேரத்தில் நின்றுவிடும். எஞ்சின் பழுதுற்ற நாளில் லயங்கள் எல்லாம் மண்ணெண்ணெய் விளக்குக்குத் திரும்பின. பக்கத்துத் தோட்டத்தில் விளக்கு எரிந்தாலும் நமக்கு அதனால் பயனில்லை. இரண்டையும் இணைக்கக் கம்பி இல்லை.

பத்துத் தோட்டங்கள் தனித்தனியே இருந்தால், பழுதுக்கு அஞ்சிப் பத்து உபரி எஞ்சின்கள் வைத்திருக்க வேண்டும். கம்பியால் இணைத்துவிட்டால் இரண்டு மூன்று உபரியே போதும். ஏனெனில் பத்தும் ஒரே நாளில் பழுதாவதில்லை. தீபகற்ப மலேசியாவின் மின்நிலையங்களையும் அணைக்கட்டுகளையும் 275, 500 கிலோவோல்ட் கம்பிகளால் பின்னி வைத்திருப்பதற்கு இதுவே முதற்காரணம்.

ஆயினும் இணைப்பில் ஓர் அபாயமும் உண்டு. நம்மில் ஒருவர் நோயுற்றால் அவருடைய நிரையை மற்றவர்கள் பங்கிட்டு வெட்டுகிறோம். மற்றவர்களும் ஏற்கெனவே தாங்க இயலாத அளவு மரங்களை வெட்டுபவர்களாயின் என்ன ஆகும்? இரண்டாமவர் சாய்வார், அவர் பங்கும் சேர்ந்து மூன்றாமவரைச் சாய்க்கும். மின்பின்னலிலும் அவ்வாறே. ஒரு கம்பி துண்டிக்கப்பட்டதும் அதன் சுமை, எவரையும் கேளாமல், கண்ணிமைக்கும் நேரத்தில் பிற கம்பிகளின்மேல் ஏறிவிடும்.

1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 3-ஆம் நாள் மாலை இதனைக் கண்டோம். திரெங்கானுவில் பாக்கா மின்நிலையத்தின் அருகே ஒரு கம்பித்தடம் துண்டிக்கப்பட்டது. அதன் விளைவாக மின்நிலையங்கள் தொடர்ந்து விலகிக்கொள்ள, தீபகற்பம் முழுவதும் பல மணி நேரம் இருளில் ஆழ்ந்தது. பாக்கா எங்கிருக்கிறது என்று அறியாதோர் வீட்டிலும் விளக்கு அணைந்தது.

ஆகவேதான் திட்டமிடுவோர், ஏதேனும் ஒரு கம்பியோ ஒரு பெரிய இயந்திரமோ திடீரென விலகினாலும் எஞ்சியவை தாங்க வேண்டும் என்பதை அடிப்படை விதியாகக் கொண்டுள்ளனர். உற்பத்தி குறைந்தால் இயந்திரங்களின் வேகம் தளரும். விநாடிக்கு 50 சுற்று என்னும் மின்னலைவு இறங்கும். மிகவும் இறங்கினால், முழுப் பின்னலும் வீழாதிருக்கச் சில வட்டாரங்களின் மின்சாரத்தைத் தானியங்கிக் கருவிகள் நிறுத்திவிடும். "பழுது எங்கோ இருக்க, எங்கள் விளக்கை ஏன் அணைத்தார்கள்?" என்று நாம் கேட்பது நியாயமே. அந்த இழப்பு ஒவ்வொரு முறையும் அதே மக்களின் தலையில் விழாதவாறு பார்த்துக்கொள்வதும் திட்டமிடுதலின் பகுதிதான்.

அண்டை நாட்டோடு இணைவதற்கும் இதே கவனம் வேண்டும். கெடாவிலுள்ள குருணையும் தென் தாய்லாந்தையும் இணைக்கும் 300 மெகாவாட் தடம் நேர்மின்னோட்டத்தில் இயங்குகிறது. இரு நாட்டு இயந்திரங்களும் ஒரே தாளத்தில் சுழலவேண்டிய தேவை அதில் இல்லை. மின்சாரம் கடந்து வரும். ஒரு பக்கத்துத் தள்ளாட்டம் மறுபக்கம் எளிதில் தாவாது. 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம், லாவோஸின் நீர்மின்சாரம் 100 மெகாவாட் வரையில் தாய்லாந்து, மலேசியா வழியாகச் சிங்கப்பூருக்குச் செல்லத் தொடங்கியது. பாதை நீள நீள, காவலும் நீள வேண்டும்.

அக்காவலில் தோட்டத்தாருக்கும் இடமுண்டு. 2003-ஆம் ஆண்டு ஆகஸ்டு 14-ஆம் நாள், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், சுமையால் சூடேறித் தொய்ந்த மூன்று பெருங்கம்பிகள் வெட்டப்படாது வளர்ந்திருந்த மரங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டன. கட்டுப்பாட்டு அறையின் எச்சரிக்கைக் கருவியும் அன்று பழுது. விளைவு: அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 5 கோடி மக்கள் மின்சாரம் இழந்தனர்.

நம் பால்மரக் காடுகளின் ஊடே செல்லும் கம்பித்தடத்தில் மரங்களை அகற்றி வெற்றிடம் விட்டிருப்பது இதனால்தான். காலியாகக் கிடக்கிறதே என்று அங்கே வாழையோ மரமோ நடலாகாது. குப்பைக்குத் தீயிடவும் கூடாது, அனலும் புகையும் மின்சாரம் தாவ வழிசெய்யும். புயலில் மரம் சாய்ந்து கம்பியில் கிடந்தால் மண்டோரிடமோ தோட்ட அலுவலகத்திலோ உடனே தெரிவியுங்கள். பழுது பார்ப்போர் வரும்வரை எவரும் அருகே போகவேண்டாம். முக்கியமாகப் பிள்ளைகளை அப்பக்கம் விடாதீர்கள்.