பட்வைசரை விழுங்கிய கடன்

(இணையவழிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பீரைப் பற்றி நாம ஏன் பேசணும்னு சிலர் கேட்கலாம். குடிக்கலாமா கூடாதா என்பது தனி விவாதம், அதை இன்னொரு நாள் வெச்சுக்குவோம். ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை விழுங்கும்போது அந்தக் காசு எங்கிருந்து வருது, கடைசியில் அதை யார் கட்டுறாங்க? இதுதான் இன்றைய பேச்சு. இதைப் புரிஞ்சுக்க பீர் வியாபாரத்தை விடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் என்று ஒரு நகரம். ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள் 1852-இல் அங்கே தொடங்கிய ஆலைதான் பின்னாளில் ஆன்ஹெய்சர்-புஷ் ஆனது. பட்வைசர் அவங்க தயாரிப்பு. 2008 ஜூனில், பெல்ஜியத்தில் தலைமையகம் வைத்திருந்த இன்பெவ் என்ற கம்பெனி, ஒரு பங்குக்கு 65 டாலர் தர்றேன், கம்பெனியைக் கொடு என்று வந்து நின்றது. இந்த இன்பெவ்வே 2004-இல் பெல்ஜியத்தின் இன்டர்பிரூவும் பிரேசிலின் ஆம்பெவும் சேர்ந்து உருவான கம்பெனிதான்.

ஊர்க்காரங்க கொதிச்சாங்க. அப்போது அதிபர் வேட்பாளராக இருந்த ஒபாமாகூட, இந்தக் கம்பெனி வெளிநாட்டவர் கைக்குப் போவது வருத்தம் என்றார். என்ன பிரயோசனம்? புஷ் குடும்பத்தின் பெயர் கம்பெனியின் பலகையில் இருந்ததே தவிர, பங்குகளில் அவங்க கையில் இருந்தது 4 சதவீதத்துக்கும் குறைவு. விலையை 70 டாலராக உயர்த்தியதும் ஜூலையில் இயக்குநர் குழு தலையாட்டிவிட்டது. மொத்த விலை 5,200 கோடி டாலர்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமா பாருங்க. 5,200 கோடிக்கு வாங்க வந்த இன்பெவ், அதற்காக வங்கிகளிடம் ஏற்பாடு செய்த கடன் மட்டும் 4,500 கோடி டாலர். உங்க வீட்டை ஒருத்தன் விலைக்குக் கேட்கிறான்னு வெச்சுக்குங்க. அதுக்கான காசை, உங்க வீட்டில் வரும் வாடகையைக் காட்டியே கடன் வாங்குறான். வீடு அவன் கைக்குப் போன பிறகு, கடனை அடைக்க முதல்ல காவல்காரரை நிறுத்துறான், அப்புறம் தோட்டத்தை விற்கிறான். கிட்டத்தட்ட அதுதான் நடந்துச்சு.

நவம்பர் 18-ஆம் தேதி கம்பெனி கைமாறியது. மூன்று வாரம்கூட முழுசா ஆகல. டிசம்பர் 8-ஆம் தேதி அமெரிக்காவில் 1,400 பேருக்கு வேலை இல்லை என்று அறிவிப்பு வந்தது. அதில் முக்கால்வாசி வேலைகள் செயின்ட் லூயிஸ் வட்டாரத்தில். ஒப்பந்த ஊழியர்கள் 400-க்கும் மேற்பட்டோர் தனிக் கணக்கு. உலகமே நிதி நெருக்கடியில் கிடந்த மாதம் அது. வேறு எங்கே போய் வேலை தேடுவாங்க?

அப்புறம் தோட்டம். ஆன்ஹெய்சர்-புஷ் நடத்திவந்த சீ வேர்ல்ட் உள்ளிட்ட கேளிக்கைப் பூங்காக்களை 2009-இல் விற்றார்கள். அதே வருஷம் தென்கொரியாவில் இருந்த ஓரியண்டல் பீர் கம்பெனியை 180 கோடி டாலருக்குக் கேகேஆர் என்ற முதலீட்டு நிறுவனத்திடம் தள்ளிவிட்டார்கள். 2014-இல் அதே கம்பெனியை அவர்களிடமிருந்தே திரும்ப வாங்கினார்கள். எவ்வளவுக்கு? 580 கோடி டாலருக்கு! இடையில் அதன் வியாபாரம் நல்லா வளர்ந்தது உண்மைதான், மறுக்கல. ஆனால் கடன் நெருக்கடியில் கைவிட்ட ஒன்றை மூணு மடங்குக்கு மேல் கொடுத்து மீட்பதைத்தான் திறமையான நிர்வாகம் என்று நமக்குப் பாடம் எடுக்கிறார்கள்.

பசி அடங்கல. 2012-இல் மெக்சிகோவின் மொடேலோவை, அதாவது கொரோனா பீர் கம்பெனியை, முழுசா வாங்கப் போனார்கள். அமெரிக்க நீதித்துறை வழக்கு போட்டது. பெரிய கம்பெனிகள் விலையை ஏற்றும்போது கூடச் சேராமல் நின்றது மொடேலோ, அதையும் விழுங்கினால் விலையைத் தடுக்க யார் இருக்கா என்பதுதான் அந்த வழக்கின் சாரம். கடைசியில் மொடேலோவின் அமெரிக்க வியாபாரத்தை வேறு கம்பெனிக்கு விற்றுவிட்டுத்தான் மீதியை வாங்க முடிந்தது. 2016-இல் 10,000 கோடி டாலருக்கு மேல் கொடுத்து எஸ்ஏபி மில்லரையும் வாங்கினார்கள். இப்போது உலகில் விற்கும் பீரில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இந்த ஒரே கம்பெனியுடையது.

எஸ்ஏபி மில்லரோடு சேர்ந்து அதன் இந்திய ஆலைகளும் கைமாறின. ஹேவர்ட்ஸ் 5000, நாக் அவுட் எல்லாம் அப்படிப் போனவைதான். வாங்கிய பிறகு புது முதலாளி கணக்கைப் புரட்டினால் பழைய கதை வெளியே வருது. கிங்ஃபிஷரின் யுனைடெட் புரூவரீஸ், கார்ல்ஸ்பெர்க், எஸ்ஏபி மில்லர், இந்த மூணு போட்டிக் கம்பெனியும் சங்கத்தின் பெயரில் கூடிப் பேசி, மாநில அரசுகளிடம் என்ன விலை கேட்பது என்று முன்கூட்டியே முடிவு செய்திருக்கிறார்கள். தானாக முன்வந்து சொன்னதால் அந்த முதலாளிக்கு அபராதத்தில் முழு விலக்கு. மற்ற இரண்டு கம்பெனிகள் மீதும் சங்கத்தின் மீதும் 2021 செப்டம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் 873 கோடி ரூபாய் அபராதம் போட்டது. ஆணையம் பட்டியலிட்ட இடங்களில் கர்நாடகம், ஆந்திரம், மகாராஷ்டிரம் எல்லாம் உண்டு. பக்கத்தில் இருக்கும் புதுச்சேரியும் உண்டு.

அதற்கு மூணு மாதம் முன்னால்தான், ஜூனில், நெதர்லாந்தின் ஹெய்னெகன் யுனைடெட் புரூவரீஸில் 61.5 சதவீதப் பங்கைப் பிடித்திருந்தது. ஆக, கூட்டு வைத்த மூணு கம்பெனிகளும் இன்று ஐரோப்பியத் தலைமையகங்களின் கையில். அபராதம் வசூலானால் அது போகும் இடம் அரசுக் கருவூலம். அந்த விலையைக் கொடுத்து வாங்கியவர் கைக்கு அதில் ஒரு ரூபாயும் தானாக வராது.