கிரந்தி எண்டு விட்டிடாதேங்கோ

(லா சப்பலில் நடந்த எங்கள் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுவழக்கைப் பெரிதாக மாற்றவில்லை.)



இண்டைக்கு ஒரு அரிதான வருத்தத்தைப் பற்றிக் கதைக்கப் போறன். இந்த அறையில இருக்கிற ஒருத்தருக்கும் அது வராமலே போகலாம். ஆனா அது வந்த ஒரு பெண் வீட்டில இருந்து ஆஸ்பத்திரிக் கட்டில் வரைக்கும் போற வழியில என்னென்ன தடை நிக்குது எண்டு பாத்தா, அது எங்கள் எல்லாருக்கும் தெரிஞ்ச வழி.

சொரியாசிஸ் எண்டா எல்லாருக்கும் தெரியும். முழங்கை, முழங்கால், தலையில செதில் செதிலா உரியும். இது அதின்ர கடும் வடிவம். கர்ப்ப காலத்தில, பெரும்பாலும் கடைசி மூண்டு மாதத்தில வரும். முந்தி ஒருநாளும் சொரியாசிஸ் வராத பெண்ணுக்கும் வரலாம். தொடை இடுக்கு, அக்குள், மார்புக்குக் கீழே தோல் அழன்று, அந்தப் படையின்ர ஓரத்தில ஊசிமுனை அளவு சீழ்க்கொப்பளங்கள் எழும்பும். பிறகு உடம்பெல்லாம் பரவும். காய்ச்சல், குளிர் நடுக்கம், சத்தி வரும். இரத்தத்தில கல்சியம் குறைஞ்சா கை கால் இழுக்கும், வலிப்பும் வரலாம். நஞ்சுக்கொடி சரியா வேலை செய்யாமல் போய் பிள்ளை வயித்திலேயே இறக்கவும் கூடும்.

1872 இல வியன்னாவில ஃபெர்டினாண்ட் ஃபொன் ஹெப்ரா எண்ட தோல் மருத்துவர் இதை முதன்முதலா விவரிச்சார். அவர் எழுதினது 5 கர்ப்பிணிகளைப் பற்றி. அதில 4 பேர் செத்துப்போச்சினம். அவர் வைச்ச பேர் இம்பெட்டிகோ ஹெர்பெட்டிஃபோர்மிஸ். அந்தப் பேரே ஆளை ஏமாத்தும். இது கிருமியால வாற இம்பெட்டிகோவும் இல்லை, வைரஸால வாற ஹெர்பெஸும் இல்லை. கொப்பளத்துக்குள்ள இருக்கிறது சீழ் தான், ஆனா அதில கிருமி இருக்காது. ஒருத்தரிட்ட இருந்து மற்றவருக்குத் தொத்தாது. இதை வடிவா ஞாபகம் வைச்சிருங்கோ, ஏனெண்டா முதல் தடை இங்கதான் இருக்கு.

எங்கட வீடுகளில பிள்ளைத்தாச்சியின்ர உடம்பில கொப்பளம் எழும்பினா என்ன சொல்லுவினம்? "சூடு." "கிரந்தி, றால் கத்தரிக்காய் தின்னாத." "அம்மாள் வருத்தம், அறைக்குள்ள தனிய இரு." ஒருத்தரும் கெட்ட எண்ணத்தில சொல்லுறேல்லை. இப்பிடிச் சொல்லுற அம்மம்மாமாருக்கு முன்னால நிண்டு நான் விஞ்ஞானப் பாடம் எடுக்கப் போறதும் இல்லை. கொப்புளிப்பானும் கர்ப்பத்தில ஆபத்தானதுதான், அதுக்கும் டொக்டர் பாக்கவேணும். நான் சொல்ல வாறது ஒண்டுதான்: காய்ச்சலோட கொப்பளம் எண்டா, பேர் என்னவா இருந்தாலும், அண்டைக்கே மகப்பேற்று அவசரப் பிரிவுக்குப் போகவேணும். ஆள் எழும்ப ஏலாமல் கிடந்தா 15 ஐ அழையுங்கோ.

ரெண்டாவது தடை கிரீம். அரிப்பு எண்ட உடன ஸ்டீரொயிட் கிரீம், ஊரில இருந்து வந்த குளிசை, இல்லாட்டி வெள்ளையாக்கிற கிரீம். சட்டவிரோதமா விக்கிற வெள்ளையாக்கிற கிரீம்கள் பலதில க்ளோபெட்டசோல் எண்ட கடுமையான ஸ்டீரொயிட் கலந்திருக்கு. சொரியாசிஸ் உள்ள ஆள் ஸ்டீரொயிட் குளிசையைத் தன்ர பாட்டில குடிச்சுப்போட்டு திடீரெண்டு நிப்பாட்டினா, அதுவே இந்தக் கொப்பளத்தைக் கிளப்பிவிடலாம். இன்னொண்டு: சொரியாசிஸுக்குக் குடுக்கிற மெத்தோட்ரெக்ஸேட், அசிட்ரெட்டின் ரெண்டும் கர்ப்பத்தில கூடாது. அசிட்ரெட்டினை நிப்பாட்டி 3 வருசம் வரைக்கும் பிள்ளை தங்கக் கூடாது. எங்கட பெண்களுக்கு ஆர் இதை அவையின்ர மொழியில சொன்னது?

மூண்டாவது தடை மொழி. நான் இங்க பிறந்தனான். பத்து வயசில இருந்து அம்மாவுக்கும் மாமிக்கும் ஆஸ்பத்திரியில மொழிபெயர்த்திருக்கிறன். உங்களில கனபேர் அப்பிடித்தான். இந்த வருத்தம் எங்க தொடங்குது எண்டு இப்பதான் சொன்னன்: தொடை இடுக்கில, மார்புக்குக் கீழ. தன்ர மகனையோ தம்பியையோ பக்கத்தில வைச்சுக்கொண்டு எந்த அக்கா அதைச் சொல்லுவா? "அரிக்குது" எண்டு மட்டும் சொல்லுவா. பிள்ளையும் அதை மட்டும் மொழிபெயர்க்கும். மருத்துவமனையில மொழிபெயர்ப்பாளரின்ர பங்கை 2016 ஜனவரிச் சுகாதாரச் சட்டம் அங்கீகரிச்சிருக்கு. தொலைபேசியில மொழிபெயர்க்கிற சேவைகளும் இருக்கு. கேட்டு வாங்கவேணும், தரேல்லை எண்டா சண்டை பிடிக்கவேணும்.

நாலாவது தடை எங்கட தோலின்ர நிறம். புத்தகங்களில "சிவந்த படை" எண்டு எழுதியிருக்கும். கறுப்புத் தோலில சிவப்பு அப்பிடித் தெரியாது. ஊதாவா, கடும் மண்ணிறமாத் தெரியும், சில நேரம் சூட்டையும் வீக்கத்தையும் வைச்சுத்தான் கண்டுபிடிக்கலாம். 2020 இல லண்டன் செயின்ற் ஜோர்ஜ்ஸ் மருத்துவ மாணவன் மலோன் முக்வெண்டே, கறுப்பு, மண்ணிறத் தோலில வருத்தங்கள் எப்பிடித் தெரியும் எண்டு "மைண்ட் த கேப்" எண்ட கையேட்டை ஆசிரியர்களோட சேர்ந்து கொண்டுவந்தார். ஒரு மாணவன் கேட்கும் வரைக்கும் அந்த இடைவெளி அப்பிடியே கிடந்தது.

ஆனா எங்களிட்ட என்ன இல்லை எண்டு மட்டும் சொல்லிக்கொண்டிருக்கேலாது. இங்க இருந்து நடந்து போற தூரத்தில சென் லூயி மருத்துவமனை இருக்கு. 1607 இல கொள்ளைநோய்க்காரரை ஊருக்கு வெளியில ஒதுக்கி வைக்க நாலாம் ஹென்றி தொடக்கினது. பிறகு உலகத் தோல் மருத்துவத்தின்ர தலைமையிடங்களில ஒண்டாச்சு. இந்த வருத்தத்தின்ர மரபணுக் காரணத்தில ஒரு முக்கிய பகுதியும் பாரிஸ் நெக்கேர் மருத்துவமனை ஆய்வாளர்களும் துனீசிய மருத்துவர்களும் சேர்ந்து 2011 இல கண்டுபிடிச்சதுதான். அழற்சிக்கு பிரேக் போடுற ஒரு புரதம் வேலை செய்யாமல் போறது. அது தெரியவந்தது 9 துனீசியக் குடும்பங்களின்ர இரத்தத்தில இருந்து. அதாவது குடியேற்றவாதம் ஆண்ட நாட்டுக் குடும்பங்கள் குடுத்த அறிவு. இண்டைக்குக் கல்சியம், சேலைன், கணக்காக் குடுக்கிற ஸ்டீரொயிட், சைக்ளோஸ்போரின், பிள்ளையின்ர துடிப்பைக் கவனிக்கிறது எண்டு தாயையும் பிள்ளையையும் காப்பாத்த வழி இருக்கு. நேரத்துக்குப் போய்ச் சேரவேணும், அவ்வளவுதான்.

நேரத்துக்குப் போய்ச் சேர காட் வேணும். இதுதான் கடைசித் தடை. விசா இல்லாத ஆளுக்கு AME எண்ட அரச மருத்துவ உதவி, அதுவும் 3 மாதம் இங்க இருந்த பிறகு. 2020 இல இருந்து அகதி விண்ணப்பம் போட்ட பெரியவர்களும் சாதாரண காப்புறுதிக்கு 3 மாதம் காத்திருக்கவேணும். 2023 நவம்பரில செனட் AME ஐயே தூக்கிப்போட்டு, அவசர உதவி மட்டும் எண்டு வாக்களிச்சது. சட்டம் 2024 ஜனவரியில வந்தபோது அது உள்ளுக்கு இல்லை, ஆனா அந்த யோசனை சாகேல்லை. "கர்ப்பிணிகளுக்கு அதிலயும் வைத்தியம் இருந்ததுதானே" எண்டு சிலர் சொல்லுவினம். உண்மை, இருந்தது. ஆனா இந்த வருத்தம் அடுத்த கர்ப்பத்தில திரும்பி வரக்கூடியது, முந்தியதை விட வெள்ளெனவும் கடுமையாவும். அப்ப கர்ப்பத்துக்கு முந்தியும் பிள்ளை பிறந்த பிறகும் அவவை ஆர் பாக்கிறது? வயிறு தெரியேக்க மட்டும் ஒரு பெண்ணின்ர உடம்புக்கு உரிமை குடுக்கிறது, அவவுக்குக் குடுக்கிற உரிமை இல்லை. பிள்ளைக்குக் குடுக்கிறது.

அதால நாங்கள் செய்யக்கூடியது மூண்டு. ஒண்டு, மகப்பேற்று மருத்துவமனைக்குப் போற பெண்களோட போக, பிரெஞ்சும் தமிழும் தெரிஞ்ச பெண் தோழர்களின்ர பட்டியல் ஒண்டு போடுவம். ரெண்டு, காட் இல்லாதவை லரிபுவாசியேர், சென் லூயி மாதிரி அரச மருத்துவமனைகளின்ர PASS பிரிவுக்குப் போகலாம், கர்ப்பிணிகளுக்கு காட் இல்லாட்டியும் வைத்தியம் மறுக்கேலாது எண்ட செய்தியை தமிழில ஒரு பக்கத் துண்டுப்பிரசுரமா அடிச்சு, லா சப்பல் கடைகளில, அழகு நிலையங்களில வைப்பம். மூண்டு, AME மேல அடுத்த தாக்குதல் வரேக்க, வீதியில நிக்கிற பிரெஞ்சுத் தோழர்களோட நாங்களும் எங்கட பெண்களின்ர கோரிக்கையைத் தூக்கிக்கொண்டு நிக்கவேணும்.

பட்டியலுக்குப் பேர் தர விரும்புறவை, இடைவேளையில என்னட்ட வாங்கோ. இப்ப கேள்விகள் இருந்தா கேளுங்கோ.