மேய்ப்பர் வேண்டும், மேலாளர் வேண்டாம்

 

காலையில் இந்த மேடையில் ஒரு யோசனை வைக்கப்பட்டது. கல்லூரிகளில் மாணவர்கள் தாங்களாகவே நடத்தும் ஜெபக்குழுக்களை அந்தந்த ஊர்ச் சபையின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்றார்கள். குழுத் தலைவரைச் சேகரக் கமிட்டி நியமிக்க வேண்டும், என்ன படிப்பது, யாரை அழைத்துப் பேசச் சொல்வது என்பதைப் போதகர் முடிவு செய்ய வேண்டும் என்றார்கள். பலமான கைதட்டலும் விழுந்தது. அந்த யோசனையை நான் முழு மூச்சோடு எதிர்க்கிறேன். எதிர்ப்பதற்குக் காரணம் சபையின்மேல் எனக்குள்ள பற்று.

எதைக் கட்டுப்படுத்தக் கிளம்பியிருக்கிறோம் என்று முதலில் பார்ப்போம். இரவு ஒன்பது மணி. மெஸ்ஸில் சாப்பாடு முடிந்துவிட்டது. விடுதியின் கடைசி அறையில் கட்டிலை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தரையில் பாய் விரிக்கிறார்கள். எட்டுப் பேர், பத்துப் பேர். இரண்டாம் வருட மாணவன் ஒருவன் வேத பாடம் நடத்துகிறான். மறுநாள் அவனுக்கு இன்டர்னல் தேர்வு. முதல் வருடத்துப் பையன் கேள்வி கேட்கிறான். நடத்துகிறவன் தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, நாளை பார்த்து வருகிறேன் என்கிறான். அரியர் வைத்தவனுக்காக ஜெபிக்கிறார்கள். ஃபீஸ் கட்ட முடியாதவனுக்குத் தங்களுக்குள் காசு சேர்க்கிறார்கள். யாரும் சம்பளம் கொடுக்கவில்லை, யாரும் வருகைப் பதிவேடு வைக்கவில்லை. இதற்குத்தான் நாம் கடிவாளம் போட வேண்டுமா?

அங்கே ஒருவன் புதிதாக வந்தால் என்ன கேட்கிறார்கள்? எந்த டிபார்ட்மென்ட், எந்த இயர், அவ்வளவுதான். நாம் என்ன கேட்கிறோம்? எந்த ஊர், யாருடைய மகன் என்று கேட்டு, அந்த இரண்டு கேள்விக்குள் சாதியைத் தெரிந்துகொள்கிறோம். சபைத் தேர்தல் வந்தால் அணி கட்டுகிறோம். அந்த அணி எதை வைத்துக் கட்டப்படுகிறது என்பது இந்தப் பந்தலில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். சாதி கேட்காமல் ஒரே பாயில் முழங்கால் போடும் பிள்ளைகளுக்கு, சாதி பார்த்து ஓட்டுக் கேட்கும் நாம் தலைவரை நியமிக்கப் போகிறோமா? அந்தத் தகுதி நமக்கு எங்கிருந்து வந்தது?

பெரியோர்களே, நாம் எந்த வேரிலிருந்து வந்தவர்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. அதில் ஒன்றாகக் கலந்த நதிகளில் ஒன்று மெதடிஸ்டு சபை. அதன் ஊற்று எது? 1729 வாக்கில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் சார்லஸ் வெஸ்லியும் சில மாணவர்களும் கூடிய சிறு கூட்டம். அவருடைய அண்ணன் ஜான் வெஸ்லி அதை முன்னின்று நடத்தினார். ஒழுங்காக ஜெபித்தார்கள், சிறைச்சாலைக்குப் போய்க் கைதிகளைப் பார்த்தார்கள். சக மாணவர்கள் கேலியாக வைத்த பேர்தான் மெதடிஸ்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த மாணவர்கள் வாரந்தோறும் திருவிருந்துக்குப் போனார்கள். சிறை ஊழியத்துக்கு ஆயரின் சம்மதத்தைத் தேடிப் பெற்றார்கள். அவர்களாகக் கூடினார்கள், சபையைவிட்டு விலகவில்லை. ஜான் வெஸ்லி 1791இல் கண்மூடும்வரை ஆங்கிலிக்கன் குருவாகவே இருந்தார்.

இன்னொரு நதி, மதுரை மண்ணில் ஓடிய அமெரிக்கன் மிஷன். அதன் ஊற்று மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் வில்லியம்ஸ் கல்லூரி. 1806 ஆகஸ்டு மாதம், ஜெபிக்கக் கூடிய ஐந்து மாணவர்கள் இடிமழையில் மாட்டிக்கொண்டு ஒரு வைக்கோற்போரின் அடியில் ஒதுங்கினார்கள். ஆசியாவுக்கு நற்செய்தி போக வேண்டும் என்று அங்கே ஜெபித்தார்கள். அவர்களை யாரும் நியமிக்கவில்லை. நான்கு வருடம் கழித்து, 1810இல், இறையியல் மாணவர்கள் சிலர் மாசச்சூசெட்ஸ் சபைகளின் பொதுக்கூட்டத்துக்கு ஒரு மனு கொண்டுபோனார்கள். எங்களை அனுப்புவீர்களா என்று சபையிடம் கேட்டார்கள். மனுவில் முதலில் ஆறு பேரின் பெயர் இருந்தது. இத்தனை பேரா என்று பெரியவர்கள் மிரண்டுவிடுவார்களோ என்ற பயத்தில் இரண்டு பெயரை எடுத்துவிட்டு, நான்கு பெயரோடு கொடுத்தார்கள். அன்றைக்கே மாணவர்களுக்குப் பெரியவர்களைப் பற்றிய பயம் அப்படி இருந்தது!

எடுக்கப்பட்ட அந்த இரண்டு பெயரில் ஒன்று ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ். வைக்கோற்போர் ஜெபத்தில் இருந்த ஐவரில் அவர் ஒருவர். அவர் 1816இல் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கினார். 1822இல் தெல்லிப்பழையில் உயிர்விட்டார். அவரும் அவருடைய தோழர்களும் நிறுவிய அந்த யாழ்ப்பாண மிஷனிலிருந்துதான் 1834இல் மதுரைக்கு ஆள் வந்தது. மதுரை, திருமங்கலம், பசுமலைப் பக்கம் நீங்கள் பார்க்கும் பழைய ஆலயங்களும் பள்ளிகளும் அந்த வழியில் எழுந்தவை. பெரியவர்கள் மிரளாதபடி பெயரை எடுத்துவிட்ட மாணவனின் எலும்பு தமிழ் மண்ணில் கிடக்கிறது. அந்த மண்ணின் பிள்ளைகளாகிய நாம் இன்று மாணவர்களைக் கண்டு மிரளலாமா?

1810இல் அந்தச் சபைகள் என்ன செய்தன? உங்கள் ஜெபக்குழுவை எங்களிடம் ஒப்படையுங்கள் என்று கேட்கவில்லை. அந்த மாணவர்களை அனுப்புவதற்கென்றே ஒரு மிஷன் சங்கத்தை ஏற்படுத்தின, காசு சேர்த்தன, கை வைத்து ஜெபித்து அனுப்பின. மாணவர் முன்வந்தார்கள், சபை தாங்கியது. இதுதான் சரியான உறவு.

நம் ஊர்க் கதைக்கு வாருங்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா ஆயரானது 1912இல். அதற்கு முன்னே அவரை உருவாக்கியது எது? சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியும், இளைஞர் மத்தியில் அவர் செய்த ஒய்.எம்.சி.ஏ. ஊழியமும். 1902இல் யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்த முயற்சியில் மிஷன் ஊழியம் நடத்துவதைக் கண்டார். மறு வருடமே திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் எழுந்தது. அப்போது அவர் முப்பதைத் தொடாத வாலிபர். அந்த வாலிபரைத் தாங்கிக்கொண்ட திருநெல்வேலிச் சபையை நான் இன்றும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

1954இல் யு.இ.எஸ்.ஐ. என்னும் கிறிஸ்தவ மாணவர் இயக்கம் உருவானபோதும் முன்னணியில் நின்றவர்களில் ஒருவர் சென்னை மாநிலக் கல்லூரியின் விலங்கியல் பேராசிரியர் எச். ஏனோக். அங்கி அணிந்த குரு அல்ல, வகுப்பில் பாடம் நடத்திய வாத்தியார். மாணவர்களுடைய வேலையை மாணவர்களே செய்ய வேண்டும், பெரியவர்கள் பக்கத்தில் நின்று தாங்க வேண்டும் என்பதே அந்த இயக்கம் பிடித்துக்கொண்ட முறை.

மாணவர்களைத் தனியே விட்டால் உபதேசத்தில் தடுமாறுவார்களே என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு அப்போஸ்தலர் நடபடிகளே பதில் சொல்கிறது. அப்பொல்லோ எபேசுவுக்கு வந்தான். படித்தவன், பேச்சில் வல்லவன், ஆனால் அவன் அறிந்தது பாதி. ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் என்ன செய்தார்கள்? எழுந்து நின்று அவனை நிறுத்தினார்களா? கமிட்டி கூட்டினார்களா? தங்களிடம் அழைத்துக்கொண்டு, இன்னும் திட்டமாக விளக்கிச் சொன்னார்கள். அவன் அகாயாவுக்குப் போகப் புறப்பட்டபோது எபேசுச் சகோதரர்கள் அங்குள்ள சீஷருக்கு அவனை ஏற்றுக்கொள்ளும்படி கடிதம் எழுதினார்கள். அழைத்து உட்கார வைத்துப் பேசுவது, போகும் இடத்துக்குக் கடிதம் எழுதுவது, இந்த இரண்டும் போதும்.

ஏலியையும் நினைத்துக்கொள்ளுங்கள். சிறுவன் சாமுவேலைக் கர்த்தர் கூப்பிட்டபோது, என்னைத் தாண்டி உன்னை எப்படிக் கூப்பிடலாம் என்று அந்த முதியவர் கேட்கவில்லை. எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுத்து அனுப்பினார். மறுநாள் காலையில் சிறுவன் சொன்ன கசப்பான செய்தியையும் தலைவணங்கிக் கேட்டார். ஏலியிடம் எத்தனையோ குறை உண்டு. அந்த ஒரு காரியத்தில் அவர் பெரியவராக நடந்துகொண்டார்.

படிப்பு முடிந்து வரும் பிள்ளைகள் சபையில் ஒட்டுவதில்லை என்று இன்னொரு புகார். ஏன் ஒட்டவில்லை? இரண்டு வருடம் விடுதியில் வேத பாடம் நடத்திய பெண் ஊருக்குத் திரும்புகிறாள். நாம் அவளிடம் என்ன கொடுக்கிறோம்? ஆலயத்தில் பூ ஜோடிக்கச் சொல்கிறோம். பையனாக இருந்தால் நாற்காலி போட, அசனத்துக்குச் சோறு பரிமாறக் கூப்பிடுகிறோம். அவை நல்ல வேலைகள். அவற்றை நான் இழிவாகப் பேசவில்லை. ஆனால் வேதபாடம் வாசிக்க யாரை அழைக்கிறோம்? யாருடைய அப்பா பெரிய மனிதரோ அந்தப் பிள்ளையை. ஞாயிறு பள்ளியில் கற்பிக்க வரட்டுமா என்று அவள் கேட்டால், அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்கிறோம். சந்தா நோட்டில் பெயர் ஏறினால் போதும், ஆளைத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை என்று நடக்கிறோம். பிறகு, ஒட்டவில்லை என்று பிள்ளைமேல் பழி போடுகிறோம்!

விடுதிகளிலிருந்து வந்து கடைசி வரிசைகளில் உட்கார்ந்திருக்கும் மாணவப் பிள்ளைகளே, இப்போது கைதட்டுகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள், உங்களிடமும் பேச வேண்டியிருக்கிறது.

உங்கள் ஜெபக்குழு சபை ஆகாது. உங்கள் அறையில் தொட்டிலில் குழந்தை இல்லை, விதவைத் தாய் இல்லை, வாதம் வந்து படுத்த முதியவர் இல்லை. அங்கே யாருக்கும் ஞானஸ்நானம் கொடுப்பதில்லை, யாரையும் அடக்கம் பண்ணுவதில்லை. ஒரே வயது, ஒரே படிப்பு, ஒரே கவலை. உங்களுக்குப் பிடித்தவர்களோடு ஜெபிப்பது எளிது. பாமாலையை இழுத்து இழுத்துப் பாடும் தாத்தாவோடும், உங்கள் உடையைக் குறை சொல்லும் பாட்டியோடும் ஒரே அப்பத்தில் பங்குபெறுவதுதான் சபை. அங்கேதான் பொறுமை விளையும். நாற்றங்காலில் கதிர் முற்றாது, தம்பி. பிடுங்கி வயலில் நட்டால்தான் விளைச்சல்.

ஆகையால் ஞாயிறு காலையில் விடுதியில் கூட்டம் போடாதீர்கள். அந்த நேரம் சபையின் நேரம். போதகரின் பிரசங்கம் சுவையாக இல்லை என்று அறையில் உட்கார்ந்து யூடியூபில் இன்னொருவர் பேச்சைக் கேட்பது ஆராதனை ஆகாது. சபைக்கு வெளியே நின்று சபையைப் பழிக்கும் எந்தப் பேச்சாளரையும் உங்கள் பாயில் உட்கார வைக்காதீர்கள். மாணவர்களைச் சபையிலிருந்து பிரித்துத் தனக்கென்று கூட்டம் சேர்ப்பவர், உங்கள் வாலிபத்தைத் தன் லாபத்துக்குப் பயன்படுத்துகிறவர். சபையில் சாதி இருக்கிறது என்று ஒதுங்காதீர்கள். ஒரே பாயில் உட்காரக் கற்ற நீங்கள் ஒதுங்கிவிட்டால், அதை ஒழிக்க வேறு யார் வருவார்கள்?

சபையாரே, இந்த மேடையிலிருந்து மூன்று காரியம் கேட்கிறேன். காலையில் வைத்த அந்த யோசனையைக் கைவிடுங்கள். கல்லூரி இருக்கும் ஊர்ச் சபைகள், ஒவ்வொரு விடுதிக்கும் ஒரு குடும்பத்தைப் பொறுப்பாக வையுங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அந்தப் பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போடுங்கள், அவர்கள் கேள்விகளைக் கேளுங்கள். படிப்பு முடித்து வருகிறவர்களைக் கமிட்டியில் உட்கார வையுங்கள், வேதபாடம் வாசிக்கச் செய்யுங்கள், ஞாயிறு பள்ளியை அவர்களை நம்பி ஒப்படையுங்கள்.

குருவானவர்களே, கல்லூரிகள் திறக்கும் காலம் வருகிறது. உங்கள் சேகரத்திலிருந்து கோவைக்கும் சென்னைக்கும் வேலூருக்கும் படிக்கப் போகும் பிள்ளைகளின் பெயரைப் பட்டியலாக எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் அந்த ஊர்ப் போதகருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எபேசுச் சபைக்கு அதற்கு நேரம் இருந்தது. நமக்கும் இருக்க வேண்டும். பிள்ளை பஸ் ஏறுமுன் அந்தக் கடிதம் போய்ச் சேரட்டும்.