இழுப்பறையின் சத்தம்

இந்த மாதம் நான் பேச எடுத்துக்கொண்டது நாவலோ கவிதைத் தொகுப்போ அல்ல. ஒரு தச்சர் எழுதிய புத்தகம். ஜேம்ஸ் கிரெனோவ் எழுதி 1976இல் வெளிவந்த 'எ கேபினெட்மேக்கர்ஸ் நோட்புக்'. அலமாரி செய்பவரின் குறிப்பேடு என்று வைத்துக்கொள்ளலாம். இலக்கியக் கூட்டத்தில் இது எதற்கு என்று சிலர் நினைக்கலாம். என் கதையையும் சேர்த்துச் சொன்னால்தான் அதற்குப் பதில் கிடைக்கும்.

என் அப்பா தச்சர். தென்காசிப் பக்கம் ஒரு சிற்றூர். வீட்டு முற்றம்தான் பட்டறை. இழைப்புச் சுருள்களில் விளையாடி வளர்ந்தவன் நான். ஆனால் இழைப்புளியைத் தொட அப்பா விட்டதே இல்லை. "இந்த வேலை என்னோட போகட்டும்" என்பார். படித்தேன், கணினி வேலைக்கு வந்தேன், கலிஃபோர்னியாவில் பதினெட்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய புத்தகக் கடையில் இந்த நூல் கையில் கிடைத்தது. அன்று இரவே படித்து முடித்தேன். அடுத்த வாரம் ஓர் இழைப்புளி வாங்கினேன்.

கிரெனோவும் நம்மைப் போல ஊர்விட்டு ஊர் போனவர்தான். 1920இல் சைபீரியாவில் பிறந்தார். அலாஸ்காவிலும் சியாட்டிலிலும் வளர்ந்தார். 1947இல் ஸ்வீடனுக்குப் போய், கார்ல் மால்ம்ஸ்டென் நடத்திய பள்ளியில் தச்சு கற்றார். 1981இல் கலிஃபோர்னியாவின் ஃபோர்ட் ப்ராக் என்ற கடற்கரை ஊரில் ஒரு தச்சுப் பள்ளியைத் தொடங்கினார். 2009இல் மறைந்தார். கடைசிக் காலத்தில் கண் பார்வை மங்கியபோது அலமாரி செய்வதை விட்டுவிட்டு, கைத்தடவலிலேயே மர இழைப்புளிகளைச் செய்துகொண்டிருந்தார்.

அவர் நூலில் என்னைப் பிடித்து நிறுத்தியது, அலமாரி செய்து முடித்த பிறகு செய்யும் வேலைகளைப் பற்றி அவர் சொல்வதுதான். உப்புத்தாள் அவருக்குப் பிடிக்காது. கூர்மையான இழைப்புளி மர நாரைச் சுத்தமாக வெட்டுகிறது, அந்தப் பரப்பில் ஒளி தெளிவாக விழுகிறது. உப்புத்தாள் நாரைக் கீறுகிறது, தூள் துளைகளில் அடைத்துக்கொள்கிறது, மர ரேகை மங்கிவிடுகிறது. விளிம்புகளையும் அவர் கத்தியால் லேசாகச் சீவி விடுவார். கருவியின் தடம் விரலுக்குத் தெரிய வேண்டும் என்பது அவர் கட்சி.

நான் செய்தது செர்ரி மரத்தில் இரண்டு கதவும் ஓர் இழுப்பறையும் உள்ள சிறிய அலமாரி. ஊரிலிருந்து ஒவ்வொரு பயணத்திலும் 23 கிலோ கணக்குப் பார்த்துக் கொண்டுவந்த தமிழ்ப் புத்தகங்களுக்காக. பலகை அறுத்து, மூட்டுப் போட்டு, பசை ஒட்டி முடிக்க எட்டு மாதம். அதன் பிறகு ஒரு மாதம் எதுவும் செய்யாமல் சுற்றிச் சுற்றி வந்தேன். கடைசி வேலையில் கெடுத்துவிடுவேனோ என்ற பயம்.

முதலில் ஒரு துண்டுப் பலகையில் கடை வார்னிஷைப் பூசிப் பார்த்தேன். மரத்துக்குப் பிளாஸ்டிக் உறை போட்டதுபோல் இருந்தது. பிறகுதான் அரக்குக்கு வந்தேன். அரக்குச் செதில்களை ஆல்கஹாலில் கரைத்து, துணிப்பொட்டலத்தில் தோய்த்து, மெல்லிய பூச்சாகப் பல முறை தேய்க்க வேண்டும். பாரதத்தில் மாளிகை கட்டிக் கொளுத்தினார்களே, அதே அரக்குதான். ஜார்க்கண்ட் காடுகளில் பலாச மரத்திலும் பூவ மரத்திலும் சிறு பூச்சிகள் சுரப்பது. அதுவும் என்னைப் போலவே கடல் கடந்து வந்திருக்கிறது.

உட்புறத்துக்கு எதுவும் பூசவில்லை. மூடிய இடத்தில் எண்ணெய் பூசினால் நாளாக ஆகச் சிக்கு வாடை அடிக்கும், புத்தகத்திலும் ஏறும். செர்ரிக்கு வெளியிலும் நிறம் ஏற்ற வேண்டியதில்லை. வெளிச்சம் பட்டால் சில மாதங்களில் தானாகவே சிவந்து கருக்கும்.

எல்லாம் முடிந்ததும் காணொளி அழைப்பில் அப்பாவுக்குக் காட்டினேன். அவருக்கு எண்பத்தொரு வயது. இத்தனை நாளும் அவரிடம் சொல்லவே இல்லை. வேண்டாம் என்றவரிடம் எப்படிச் சொல்வது? கதவைத் திறந்து காட்டினேன், மூட்டுகளைக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ட்ராயரை இழுத்து மூடு" என்றார். மூடினேன். "போனைப் பக்கத்துல வச்சு இன்னொரு தடவை."

நான்கு முறை இழுத்து மூடினேன். திரையில் அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"இடப்பக்கம் பிடிக்குது தம்பி. பின்னாடி ஒரு மயிரிழை. இழைச்சுட்டு, அடியில மெழுகுவத்தியைத் தேய்ச்சு விடு" என்றார்.

நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு தச்சரிடம் தச்சர் பேசுவதுபோல அவர் என்னிடம் பேசியது அதுதான் முதல் முறை. அன்றிரவு இடது பக்கத்தை இரண்டே இழைப்பு இழைத்தேன். மெழுகு தேய்த்தேன். இப்போது மூடும்போது கடைசி அங்குலத்தில் காற்று மட்டும் மெல்ல வெளியேறும் சத்தம் கேட்கிறது.

எழுதும் நண்பர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். ஒரு கதையை முடிக்கும்போது நாமும் உப்புத்தாளைத்தான் அதிகம் எடுக்கிறோம். வழவழப்பாகும் வரை தேய்க்கிறோம், தேய்த்தது எது என்று தெரியாமல் போகிறது. மெருகு ஏற்றுவது வேறு, பிடிக்கிற இடத்தைக் கண்டுபிடித்து இழைப்பது வேறு. இரண்டாவதற்குக் காது வேண்டும். நம் வேலையைக் கேட்கக்கூடிய ஒருவரும் வேண்டும்.

கடைசியாக ஒன்று. இதைக் கேட்டு யாராவது மரவேலையில் இறங்கினால், ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.